முத்து எயாரின் தராசுக்காரன்

மன்னார் வங்காலைக் கரையில் மீன் ஏலம் கூறுகிற கிறிஸ்ரிக்குத் தொண்டைதான் சொத்து. அவன் ஒரு பனையோலைக் கடகம் பாரை மீனுக்கு விலை கூறினால், கோயிலில் செபம் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட தொண்டையை விட்டுவிட்டு ஒரு நாள் அவன் விமானக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தான்.

கொம்பனியின் பெயர் முத்து எயார். பெயர்தான் பெரிது, விமானம் ஒன்றே ஒன்று, அதுவும் மினிபஸ்ஸை விடச் சின்னது. மன்னார்ப் பக்கம் தள்ளாடி என்ற இடத்திலிருந்து கொழும்புக்குக் கிட்ட இரத்மலானைக்குப் பறக்கும். அவ்வளவு சின்ன விமானத்தில் யார் எங்கே இருப்பது என்பதை ஆளின் நிறையைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். ஏறுகிறவர்களை நிறுக்க ஒரு ஆள் வேண்டும். தராசு பழகியவன் என்று கிறிஸ்ரியை எடுத்தார்கள். கொம்பனி கொடுத்த வெள்ளைச் சேட்டை உடம்பில் மாட்டியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் வந்து நின்று, "இனி இந்த மீன் செதிலுக்க என்ர கால் படாது. ஆசையெண்டா மேல பாருங்கோ, நான் அனுப்பிற பிளேன் போகும்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுப் போனான். தேவையா அவனுக்கு இந்தக் கதை?

முதல் நாளே வினை வந்தது. நானாட்டானிலிருந்து வந்த சிவலட்சுமி ரீச்சர் தராசில் ஏறினார். கிறிஸ்ரி முள்ளைப் பார்த்தான். வாய்ப் பழக்கம் விடவில்லை. "எண்பத்தி நாலு! எண்பத்தி நாலு கிலோ!" என்று ஏலக் குரலில் கூறிவிட்டான். விட்டிருந்தால் ஒரு தரம், இரண்டு தரம் என்று ஏலத்தையும் முடித்திருப்பான். "நான் என்ன சுறாவோ?" என்று கேட்ட ரீச்சர், இறங்கி நேரே பஸ் ஸ்ராண்டுக்குப் போய்விட்டார். முகாமையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு கிறிஸ்ரி குரலை அடக்கப் பழகினான். முள்ளைப் பார்ப்பான், கடதாசித் துண்டில் எழுதுவான், விமானியிடம் மட்டும் காட்டுவான்.

ஒரு காலை வரிசையில் செலீனா நின்றாள். கரையில் மீன் வாங்கி, கடகத்தில் சுமந்து ஊரூராக விற்கிறவள். கொழும்பு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் அவ்வளவு தூரம் இருக்க உடம்பில் பலமில்லை. மெலிவு தெரியாமல் சேலையை இரண்டு சுற்றுக் கூடச் சுற்றியிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர் படகுக்காரரான சம்மாட்டி சிங்கராசா. அவர் நம்பிக் கடனாகக் கொடுக்கிற மீனில்தான் அவளுடைய பிழைப்பு. சுகமில்லாத ஆளிடமிருந்து காசு திரும்பாது என்று அவர் மீன் கொடுப்பதில்லை.

தராசு முள் பள்ளிக்கூடப் பிள்ளையின் நிறையில் நின்றது. செலீனா முள்ளைப் பார்க்கவில்லை, கிறிஸ்ரியின் வாயைத்தான் பார்த்தாள். அவன் அதைத் துண்டில் எழுதி மடித்தான்.

"ஏறுங்கோ அக்கா. உங்களுக்கு முன் சீற்" என்றான்.

"எவ்வளவாம் காட்டுது?" என்று சம்மாட்டி எட்டிப் பார்த்தார்.

"அது கொம்பனி இரகசியம் ஐயா. கீறின கோட்டுக்கு அங்கால நில்லுங்கோ."

முத்து எயார் ஒரு வருசம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சோளகக் காற்று அடித்தால் விமானம் எழும்பாது. அடிக்காத நாளில் ஆளில்லை. எங்கள் சனத்தைத் தெரியாதவர்கள் தொடங்கிய கொம்பனி அது. மன்னாரிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் கருவாட்டுப் பொதி இல்லாமல் எந்த முகத்தோடு உறவுக்காரர் வீட்டுப் படி ஏறுவார்? பொதிக்கு இடமில்லை என்றார்கள். சனம் பொதியோடு பஸ்ஸில் ஏறியது. கடைசியில் விமானத்தையும் விற்றுவிட்டார்கள்.

கிறிஸ்ரி வீட்டில் முடங்கினான். அடுப்பு எரியாத நாளும் வந்தது. வேறு தொழில் தெரியாது, கரைக்குப் போகவோ முகமில்லை. மனைவி வெள்ளைச் சேட்டைத் தோய்த்து அலுமாரிக்குள் வைத்தாள். அதற்கு மேல் அவனால் வீட்டில் இருக்க முடியவில்லை.

கரையில் அவனைக் கண்டதும் பகிடியைத் தொடங்கிவிட்டார்கள்.

"பைலட் வாறார், வழி விடுங்கோ!"

"ஐயா, பாத்து, கால்ல செதில் படப்போகுது!"

சம்மாட்டி ஒரு கடகம் விளைமீனை அவன் முன்னால் வைத்து, "விலை கூறு பாப்பம்" என்றார். கிறிஸ்ரி வாயைத் திறந்தான். அடக்கிப் பழகிய குரல், அதற்கு மேல் வெட்கம். பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை. கரை விழுந்து விழுந்து சிரித்தது.

"இது சரிவராது. வேற ஆளைப் பாப்பம்" என்றார் சம்மாட்டி.

கூட்டத்தை இடித்துக்கொண்டு செலீனா முன்னால் வந்தாள். வைத்தியம் பார்த்துக் கொஞ்சம் தேறியிருந்தாள்.

"கிறிஸ்ரி, அண்டைக்கு நான் வருத்தக்காரியாத் தராசில ஏறினனான். என்ர நிறையை நீ ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொல்லியிருந்தா இந்தச் சம்மாட்டி எனக்கு மீன் தந்திருக்க மாட்டார்" என்றாள், அந்தச் சம்மாட்டிக்கும் கேட்க. "மீனுக்கென்ன வெக்கம்? அதின்ர விலையை உரத்துச் சொல்லு."

சிரிப்பு நின்றது. கிறிஸ்ரி விலை கூறினான். கோயிலில் செபமும் ஒரு கணம் நின்றிருக்கும்.

சம்மாட்டி செலீனாவைப் பார்த்தார். "உனக்குத் தூக்கேலுமோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஏலும்."

"அப்ப இந்தக் கடகத்தை அவளுக்கே விடு" என்றார் கிறிஸ்ரியிடம்.

கடகத்தை அவள் தலையில் ஏற்றக் கிறிஸ்ரி கை கொடுத்தான். கால் நிறையச் செதில் ஒட்டியிருந்தது. அதைத் தட்டாமலே அடுத்த கடகத்துக்குப் போனான்.