நிரம்பியே திரும்பிய தண்ணீர் பாட்டில்

என்னுடைய கல் ஊரறிந்த கல். எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடைக் காலையில், தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டை தாண்டியதும் அது முதன்முறையாக என்னிடம் பேசியது. இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் தொடங்கிய வலி அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு தொடை இடுக்கு வரை இறங்கியது. உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. சீசன் டிக்கெட் நண்பர்களில் ஒருவர் ஹார்ட் அட்டாக் என்றார், இன்னொருவர் கேஸ் என்றார். வாக்கெடுப்பு முடிவதற்குள் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன். பல்லாவரத்தில் இறக்கி ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அங்கே சிறுநீர் சிவப்பாகப் போனதும் சர்ச்சை முடிந்தது.

"கிட்னி ஸ்டோன். இந்த வெயில்ல தண்ணி குடிக்காம, தினம் ஊறுகாய் அப்பளம்னு உப்பா சாப்பிட்டா வேற என்ன வரும்? ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நான் பெரிய மனிதன். பீர்க்கன்கரணையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், ஏரிக்கரை வயலையெல்லாம் மனை போட்டு விற்றவர், கொல்லையில் மிச்சமிருந்த வாழைகளை எனக்காக வெட்டினார். "கல்லு இன்னா சார் கல்லு, தண்டு சாறு உட்டா தானா கரைஞ்சிகினு வந்துடும்" என்றார். ரயில் நண்பர் பீர் சிபாரிசு செய்தார். எங்கள் சபையிலோ ஞாயிற்றுக்கிழமை என் கல்லுக்காக விசேஷ ஜெபம் நடந்தது. மூன்றில் எது பலித்ததோ, மூன்றாவது வாரம் மிளகில் பாதியளவுக்கு ஒரு கல் வெளியே வந்தது. அதைப் பிலிம் ரோல் டப்பாவில் போட்டு வைத்து, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் காட்டினேன்.

அந்த மூன்று வாரமும் விடிகாலையில் எழுந்து வாழைத்தண்டை நார் எடுத்து, அரைத்து, வடிகட்டிக் கொடுத்தவள் என் மனைவி. கொடுத்துவிட்டு வண்டலூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவாள். கையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு பாட்டில் இருக்கும். சாயங்காலம் அது அப்படியே நிரம்பித் திரும்பி வரும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால், அந்த நல்ல தண்ணீரை வீணாக்காமல் வாசல் ரோஜாச் செடிக்கு ஊற்றுவேன். தெருவிலேயே எங்கள் ரோஜாதான் நன்றாகப் பூத்தது. அதற்கான பாராட்டையும் நானே வாங்கிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் அவள் அடிக்கடி கொல்லைப்புறம் போனாள். எரிச்சலாக இருக்கிறது என்றாள். சூடு, மோர் குடி என்றேன். பிறகு வலது பக்கம் முதுகு வலிக்கிறது என்றாள்.

"நாள் பூரா போர்டு முன்னாடி நின்னா வலிக்காம என்ன பண்ணும்? தைலம் தேய்ச்சுக்கோ" என்றேன். கல்லில் டாக்டர் பட்டம் வாங்கியவன் சொன்ன வைத்தியம் இது. ஆண்களுக்கு வந்தால் கல், பெண்களுக்கு வந்தால் சூடு, எங்கள் வீட்டுச் சட்டம் அவ்வளவுதான்.

பிறகு காய்ச்சல் வந்தது. அக்னி நட்சத்திரத்தில் இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். மெட்ராஸ் ஆயிற்றே, மலேரியா என்று நானே முடிவுசெய்து மாத்திரை கொடுத்தேன். மூன்றாம் நாள் குடித்த கஞ்சியை வாந்தி எடுத்தாள், என்னைப் பார்த்து யார் என்று கேட்டாள். அப்போதுதான் டாக்சி தேடி ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் என்னை நிற்கவைத்துக் கேட்டார்.

"கல் குழாய அடைச்சிருக்கு. மேல சீழ் கட்டிடுச்சு. முதுகு வலியோட குளிர் காய்ச்சல் வந்தா அன்னிக்கே தூக்கிட்டு வரணும் சார். மூணு நாளா என்ன பண்ணீங்க? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பாங்க?"

எனக்கு ரோஜாச் செடிதான் ஞாபகம் வந்தது. அவள் செத்துவிடுவாள் என்று பயந்தேன், கொன்றது நான்தான் என்றும் தோன்றியது. அவள் பிழைத்தாள். அவளுடைய வலது சிறுநீரகம் பிழைக்கவில்லை, எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்றுதான். டப்பாவிலிருந்த என் கல்லை அன்றைக்கே சாக்கடையில் வீசினேன்.

அவள் மறுபடி பள்ளிக்குப் போன அன்று கட்டளை போட்டேன். பாட்டில் காலியாகத்தான் திரும்பி வர வேண்டும். காலியாகவே வந்தது. குடும்பத் தலைவன் அதட்டினால் வேலை நடக்கிறது என்று மீசையைத் தடவிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் அவளோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் என்னிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

"உங்க வீட்டம்மாவுக்கு என்ன மனசு சார்! ஸ்கூல் கேட் வேப்பமரத்துக்கு டெய்லி ஒரு பாட்டில் தண்ணி ஊத்திட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புறாங்க."

வீட்டுக்கு வந்து கத்தினேன். அவள் நிதானமாக அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"குடிச்சா போக வேணாமாங்க? டீச்சர்ஸ் டாய்லெட்டைப் பூட்டி வெச்சிருக்காங்க. சாவி ஹெட்மாஸ்டர் நாற்காலிக்குப் பின்னால ஆணியில தொங்குது. அவர் ரூம்ல எப்பவும் நாலு ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னாடி போய் நின்னு சாவி குடுங்கன்னு எப்படிக் கேக்கிறது? பதினோரு வருஷமா ஒருத்தரும் கேட்டதில்ல."

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த அறைக்குப் போனேன். அவள் சொன்ன நாலு பேரும் இருந்தார்கள். ஹெட்மாஸ்டர் எழுந்து கைகொடுத்து, டீ சொல்லி, "என்ன விஷயமா வந்தீங்க சார்?" என்றார். ஒரு ரயில் பெட்டி முழுக்கத் தன் சிறுநீரைப் பற்றிப் பிரசங்கம் செய்த வாய் ஒட்டிக்கொண்டது. டீ ஆறிப்போனது. நாற்காலியைச் சுற்றிப் போய், ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, "இது இனிமே ஸ்டாஃப் ரூம்ல இருக்கட்டும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்டாஃப் ரூமில் என் மனைவியிடம் நீட்டினேன். "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டீங்களே" என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். சாவி என் கையிலேயே இருந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து, ஓய்வுபெறும் வயதிலிருந்த ஒரு டீச்சர் எழுந்து வந்து, அதை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே போனார். இன்னும் மூன்று பேர் எழுந்து அவர் பின்னால் போனார்கள்.