அக்காவுக்குப் பிடித்தவை

1988 மே 8, ஞாயிறு. ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஆறே முக்காலுக்கு நின்றது. இரண்டு அண்டா, நான்கு குடம் நிறைந்தன. எட்டு மணி ஆராதனைக்கு அம்மாவும் நானும் மட்டும் போனோம். அக்காவை அழைத்துவர அப்பா புனே ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். இவ்வளவும் அந்த வருடத்து நோட்டில் இருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது.

நோட்டின் பின்பக்கத்தில் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, அவரவருக்குப் பிடித்ததை எண் போட்டு எழுதியிருந்தேன். வருடா வருடம் புது நோட்டில் பிழையில்லாமல் பார்த்தெழுதுவேன். அக்காவின் பக்கத்தில் முதலாவது: தெருமுனை வண்டிக்காரரின் வடாபாவ், காய்ந்த பூண்டுச் சட்னி இரண்டு மடங்கு. அக்கா நர்சிங் படிக்கத் தமிழ்நாட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதன்பின் இப்போதுதான், நான்கு நாள் விடுப்பில், விஷ்ராந்த்வாடி வீட்டுக்கு வந்தாள்.

இளைத்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். மதியம் அம்மா மட்டன் குழம்பு ஊற்றியபோது, "காரம் இப்ப ஒத்துக்க மாட்டேங்குதும்மா" என்றாள்.

"ஒனக்குன்னுதான வச்சேன்" என்றாள் அம்மா. அக்கா சாப்பிட்டாள்.

நான்கு மணிக்கு என் முறை. இரண்டு மடங்கு சட்னி என்றதுமே வண்டிக்காரர் மராத்தியில், "தாயி ஆலி கா?" என்று சிரித்தார். அக்கா வந்துவிட்டாளா என்கிறார். அவருக்கே நினைவிருக்கிறது என்பதில் என் நோட்டே ஜெயித்த மாதிரி இருந்தது.

பொட்டலத்தைப் பார்த்த அக்கா, "நீ சாப்பிடுட்டி. எனக்கு வயிறு சரியில்ல" என்றாள்.

"ஒனக்கு இதுதான ரொம்பப் பிடிக்கும்?"

"இப்ப அப்படி இல்லட்டி."

"பொய் சொல்லாத. நோட்டுல இருக்கு." கொண்டுவந்து விரித்தும் காட்டினேன்.

படித்தாள். "பெரிய டாக்டரம்மா! சீட்டு எழுதி வச்சிருக்கா பாரு" என்று சிரித்தாள். பிறகு சாப்பிட்டாள். கடைசித் துண்டுவரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆறரை மணிக்குக் குளியலறையில் வாந்தி எடுத்தாள். அம்மா சீரகத் தண்ணீர் வைக்க ஓடினாள். நான் செம்போடு நின்றேன்.

"அங்க போன ஆறாம் மாசமே வயித்துல புண்ணு" என்றாள், சுவரில் சாய்ந்தபடி. "டூட்டியில நேரத்துக்குச் சாப்பிட முடியாது."

"முன்னாடியே சொல்ல வேண்டியதுதான?"

"யாரு கேட்டா?" வாயைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருசம் ஆச்சு. எங்கிட்ட ஒண்ணும் கேக்கணும்னு ஒனக்குத் தோணலியாட்டி?"

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். "இப்ப என்ன பிடிக்கும்? சொல்லு, எழுதிக்கிடுதேன்."

"மோர்ச்சோறுன்னு எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த முறை படிப்பை விட்டுவிடும் எண்ணத்தோடுதான் வந்திருந்தாளாம். எப்படி இருக்கிறாய் என்று யாராவது உட்கார்ந்து கேட்டால் சொல்லிவிடலாமென்று இருந்தாளாம். யாரும் கேட்கவில்லை, நான்காம் நாள் ரயிலேறிவிட்டாள். இதை அவள் என்னிடம் சொன்னது இருபத்திரண்டு வருடம் கழித்து, போனில், வேறெதையோ பேசிக்கொண்டிருந்தபோது. அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன். "ஒண்ணுமில்லட்டி, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். இருவருக்கும் அலுத்துப்போன கேள்வி. கொஞ்சம் விட்டு மறுபடியும் கேட்பேன். சில சமயம் இரண்டாம் தடவையில் ஏதாவது வரும்.

1988 மே 9, திங்கள். எழுந்ததும், தண்ணீர் வருவதற்கு முன்பே, நோட்டைத் திறந்தேன். வடாபாவை ஸ்கேல் வைத்து ஒரே கோட்டில் அடித்தேன். அதற்கு மேலே மோர்ச்சோறு என்று எழுதினேன். அழித்தெழுத வசதியான பென்சிலும் பக்கத்தில்தான் கிடந்தது. பேனாவால் எழுதினேன்.