ஜூஸ் கடை அண்ணாச்சிக்குக் கொண்டுபோன பால்

செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்டில் பால் பீச்சிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மரியம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "ஆச்சி, ஜூஸ் கடை அண்ணாச்சி தவறிட்டாவளாம்" என்றாள். என் கை நின்றுவிட்டது. ஆடு திரும்பிப் பார்த்தது.

ஆழ்வார்குறிச்சியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கெல்லாம் அங்கே ஜூஸ் கடை வைத்திருந்த சுடலைமுத்து அண்ணாச்சியைத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் இதை நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

வீட்டுக்காரர் காலமாகி, பிள்ளைகள் சென்னைக்கும் துபாய்க்கும் போன பிறகு, மூன்று தலைச்சேரி ஆடுகள்தான் எனக்குத் துணை. அவற்றுக்குப் பழத்தோல் கேட்டுக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி சாக்கைத் தரையில் கொட்டி, தோலோடு கிடந்த ஸ்ட்ராக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள்.

"இது வயித்துக்குள்ள போனா ஆடு செத்துரும் ஆச்சி. பொறவு ஒங்க ஏச்ச யாரு கேக்க?"

அன்றிலிருந்து சாயங்காலமானால் சாத்துக்குடித் தோலும் மாம்பழத் தோலும் எனக்கென்று தனியாக இருக்கும். முந்தின நாள் தோலைத் தரவே மாட்டார்கள். புளித்ததைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதிவிடும். நான் தோலைக் காயவைத்து, தவிட்டோடு முருங்கை இலையும் கொஞ்சம் ஓமமும் சேர்த்து வைப்பேன். என் ஆட்டுப்பாலில் கவிச்சி இருக்காது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

"கவிச்சி இல்லியா? நீங்க வந்து நின்னாலே தென்காசி பஸ்ஸு நிக்காமப் போவுது."

"ஜூஸுல தண்ணி ஊத்துதத ஊருக்குச் சொல்லவா அண்ணாச்சி?"

நாள் முழுக்க நான் வாய் திறந்து பேசுவது அவ்வளவுதான்.

போன சித்திரையில் அண்ணாச்சிக்கு வாயில் புற்று என்றார்கள். பாளையங்கோட்டையில் வைத்தியம் செய்து திரும்பியபோது வாயெல்லாம் புண். பழம் பட்டாலே எரிந்தது. நான் ஆட்டுக்கு மணத்தக்காளிக் கீரை போட்டு, அந்தப் பாலைத் தினமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆடு தின்னும் மருந்து பாலில் இறங்கும் என்பது என் நம்பிக்கை. புண் ஆற வேண்டும், அண்ணாச்சி மறுபடி கடையில் நிற்க வேண்டும். வேறு எதையும் நான் வேண்டவில்லை.

ஒருநாள் அவர்களே கேட்டார்கள்.

"ஆட்டுக்கு மாம்பழத் தோலு போடுங்களேன் ஆச்சி. பாலுலயாவது அந்த வாசம் வருதான்னு பாப்போம்."

சந்தையில் பொறுக்கி வந்து போட்டேன். நானும் குடித்துப் பார்த்தேன். பால், பாலாகத்தான் இருந்தது. அவர்களும் தினமும், "இன்னும் வரல ஆச்சி" என்பார்கள்.

ஆடி கழிந்தது. மாம்பழமும் தீர்ந்தது. இனிமேல் தோல் கிடைக்காது என்று சொல்லத்தான் அன்று போனேன். நான் சொல்லுமுன் ஒரு மடக்குக் குடித்துக் கண்ணை மூடினார்கள்.

"வந்துட்டு ஆச்சி. நல்ல வாசம்."

அன்று ஆடு தின்றது வெறும் அகத்தி.

"எந்த மாம்பழம் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன்.

"நீலம்."

எனக்காகச் சொன்னார்களா, உண்மையிலேயே வந்ததா, இன்றுவரை தெரியவில்லை. அடுத்த வாரம் போய்விட்டார்கள்.

எரித்த மறுநாள் சாம்பலில் பால் தெளிக்க வேண்டும். அதற்குப் பசும்பால்தான் வழக்கம். அண்ணாச்சியின் மகன் விடியுமுன் என் வாசலில் வந்து நின்றார்.

"அப்பா கடைசியாக் குடிச்சது ஒங்க பாலுதான் ஆச்சி. அதயே தாங்க."

வீட்டுக்கு ஒரு சொட்டும் வைக்காமல் சொம்பு நிறையக் கொடுத்தேன். வெயில் ஏறியதும் சொம்பு காலியாகத் திரும்பி வந்தது. குடித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டேன்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. சாயங்காலமானால் ஏதாவது சொல்ல வாய் வருகிறது. கேட்கத்தான் ஆளில்லை.