ரிவால்வர் வாடகைக்கு விடப்படும்

மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்த்தவர்களுக்கு என் தொழில் உடனே புரிந்துவிடும்: வருகிறவனுக்கு ஓட்டத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் மாட்டான், விழுந்தால் பிரேக் சரியில்லை என்பான். நான் வாடகைக்கு விட்டது ரிவால்வர். அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூற்றாறில், ஹூஸ்டனுக்கு வெளியே, டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே, துப்பாக்கி சுட்டுப் பழகுகிற ரேஞ்ச் ஒன்றில் சனிக்கிழமை தோறும் கவுன்ட்டரில் நின்றேன். மற்ற நாட்களில் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிப்பு, விவாதக் குழு. அம்மா கோயிலில் பார்க்கிற ஆன்ட்டிகளிடம் "பொண்ணு ஸ்போர்ட்ஸ் ஷாப்ல பார்ட் டைம்" என்று சொல்லி வைத்திருந்தாள். அதைப் பொய் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காகிதத்தில் வட்டம் போட்டு, அந்த வட்டத்தில் ஓட்டை போடுவது ஸ்போர்ட்ஸ் இல்லையென்றால் கோல்ஃபும் இல்லை.

கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் சுடுகிற இடம். அங்கே நின்று ஆட்களைக் கண்காணிக்கிற ரேஞ்ச் ஆபீசருக்கு வெஸ்ட் என்று கையில்லாத சிவப்பு மேல்சட்டை உண்டு. வெஸ்ட் போட்டவர் "நிறுத்து" என்றால் நகர மேயரானாலும் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். எனக்கு அந்த வெஸ்ட் வேண்டும். எனக்குப் பிறகு சேர்ந்த கெவினுக்கு அது இரண்டே வாரத்தில் கிடைத்தது; எனக்கு எட்டு மாதமாகக் கிடைக்கவில்லை. ஏன் என்று முதலாளி டேலிடம் வாராவாரம் வாதாடினேன். எழுத்துப் பரீட்சையில் கெவினைவிட எனக்கு மார்க் அதிகம். குறியும் அப்படியே. டேல் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சல். "வீஜே, நீ சொன்னால் ஜனங்கள் கேட்பார்களா என்பதுதான் என் கவலை. ஒரே ஒரு சனிக்கிழமை, திறந்ததிலிருந்து மூடுகிறவரை, யாரும் 'ஆம்பளை யாராவது இருக்கிறாரா' என்று கேட்காமல் ஓட்டிக் காட்டு. வெஸ்ட் உனக்கு."

என் பெயர் விஜயா. வீஜே என்பது அவர் பேட்ஜில் அடித்துக் கொடுத்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்திருக்கிற சகோதர சகோதரிகளே, நீங்களே கேளுங்கள்.

பெரிய மனுஷருக்குப் பெரிய மேக்னம்

ஆறே கால் அடி உயரம், பேஸ்பால் தொப்பி. "இருப்பதிலேயே பெரியதை எடு" என்றார். இதற்கு முன் சுட்டிருக்கிறாரா என்று கேட்டேன். டி.வி.யில் நிறையப் பார்த்திருக்கிறாராம். நான் என் வழக்கமான பிரசங்கத்தைத் தொடங்கினேன்: முதல் நாள் இருபத்திரண்டு காலிபர் எடுங்கள். குண்டு சின்னது, கையை உதைக்காது. உதைக்காததால் கண் தானாக மூடாது. கண் மூடாததால் குறி தப்பாது. இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை யாரும் காட்டியதில்லை. அவரும் காட்டவில்லை. "அது குழந்தைகளுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மேக்னத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வெடி. துப்பாக்கிக் குழாய் கூரையைப் பார்த்துக் கும்பிடு போட்டது. தொப்பி மட்டும் தனியாகப் பின்பக்கம் பறந்தது. மீதி ஐந்து குண்டையும் சுடாமலே கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் துப்பாக்கியில் ஏதோ கோளாறு. விஷயம் தெரிந்த ஆம்பளை யாராவது இருக்கிறாரா?"

ஹேண்ட்பேக் அளவு

ஒரு கணவனும் மனைவியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து டார்கெட் சுடப் பழகப்போகிறார்களாம். மனைவிக்கு ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டும். கணவர் நேராகப் போய் இருப்பதிலேயே குட்டியான ரிவால்வரைக் காட்டினார். இரண்டு அங்குலக் குழாய், முத்துச்சிப்பிக் கைப்பிடி. "லேடீஸ் சைஸ்" என்றார், ஏதோ செருப்புக் கடையில் நிற்பது போல.

எனக்குக் கோபம் வந்தால் பௌதிகம் வரும். ஐயா, எடை குறையக் குறைய உதை அதிகம். குழாய் குட்டையானால் குறி பார்க்கிற முன்முனைக்கும் பின்முனைக்கும் நடுவே தூரம் குறைவு. விரல் நூலளவு அசைந்தாலும் குண்டு எங்கேயோ போகும். பையில் ஒளித்து வைக்கிறவர்களுக்குச் சரி, பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்களுக்கு அது தண்டனை. சொல்லிக்கொண்டே ஆறு அங்குலக் குழாய் போட்ட முப்பத்தெட்டை அந்த அம்மாள் கையில் வைத்தேன். கனம்தான். ஆனால் கைப்பிடி உள்ளங்கையில் நிறைந்து உட்கார்ந்தது, ஆள்காட்டி விரல் நீட்டாமல் முறுக்காமல் டிரிகரைத் தொட்டது. ரிவால்வர் தேர்ந்தெடுக்கிற ரகசியமெல்லாம் அதற்குள் அடக்கம். உதை குறைந்த குண்டாக ஒரு பெட்டி கொடுத்து உள்ளே அனுப்பினேன். திரும்பி வரும்போது காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நடு வட்டத்தில் ஐந்து ஓட்டைகள், காபிக் கோப்பையால் மூடிவிடலாம். கணவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் தலைக்கு மேலாகக் கடைக்குள் தேடினார்: "இதெல்லாம் சரி, ஆனால் இது அவள் ஹேண்ட்பேகில் நுழையாதே, இங்கே ஆம்பளை யாரும் இல்லையா?"

கெவினின் வாய், என் மூளை

கெவின் பத்தொன்பது வயது, நல்ல பையன், தலைக்குள் ஏராளமான இடவசதி. ஒரு தாத்தா வந்தார். மேக்னம் ரிவால்வரில் முப்பத்தெட்டு குண்டு போடலாமா என்று கேட்டார். போடலாம், அந்த மேக்னம் முப்பத்தெட்டை நீட்டிச் செய்ததுதான், சுடவும் சொகுசு, விலையும் குறைவு. முப்பத்தெட்டு ரிவால்வரில் மேக்னம் மட்டும் போடக்கூடாது என்றேன். தாத்தா சிரித்தபடி, "அந்தப் பையனைக் கூப்பிடு, கண்ணு" என்றார்.

அன்றைய சனிக்கிழமை அதோடு போயிற்று. சரி, பையன் வந்தான். தாத்தாவின் கேள்வியைக் காதில் வாங்கினான். என் பக்கம் குனிந்து, "போடலாமா, வீஜே?" என்றான். போடலாம் என்றேன். "போடலாம், சார்" என்றான். மாற்றிப் போடலாமா என்று தாத்தா கேட்டார். கெவின் மறுபடி குனிந்தான். கூடாது என்றேன். "கூடாது, சார்" என்றான். நான் நின்ற இடத்துக்கும் தாத்தாவின் காதுக்கும் இரண்டடி கூட இருக்காது. தாத்தா அவன் தோளில் தட்டினார்: "பார்த்தாயா, விஷயம் தெரிந்தவனிடம் கேட்டால் இரண்டே வார்த்தையில் முடிகிறது."

எனக்கென்று ஆறு

இத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு ஏன் அங்கேயே கிடந்தேன் என்று விவாதக் குழுவில் கேட்பார்கள். கடை திறப்பதற்கு முன் அரை மணி நேரம், டேல் மேற்பார்வையில், ஊழியர்கள் சுட்டுக்கொள்ளலாம். அதற்காகத்தான். ஆறு குண்டையும் ஒவ்வொன்றாக அதனதன் அறையில் உட்கார வைத்து உருளையைச் சாத்தும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். டிபன் டப்பா சரியாக மூடிக்கொண்டது போல. கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து ஒவ்வொன்றாகச் சுட்டால் டிரிகர் வெண்ணெய். இழுக்காமல் சுட்டால் விரல்தான் எல்லாம் செய்ய வேண்டும். நீண்ட இழுப்பு, பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்தது. அந்த இழுப்பில் மட்டும் வந்துவிடும். எப்போது வெடிக்கும் என்று எனக்கே தெரியாமல் வெடிக்க வேண்டும். எதிர்த்துப் பேச ஆளில்லாத ஒரே இடம். ஆறு முறை நான் சொல்ல, ஆறு முறையும் காகிதம் ஒப்புக்கொள்ளும்.

தட்டைமுனைக் குண்டு காகிதத்தில் பஞ்ச் மெஷின் போட்டது போல் வட்டமாக ஓட்டை போடும். ஒருநாள் ஆறு ஓட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீட்டுக்கட்டு க்ளாவர் இலை மாதிரி வந்தன. காகிதத்தைக் கவுன்ட்டரில் விரித்து வைத்திருந்தேன். கெவின் வந்து வாய் பிளந்து பார்த்தான். உண்மையான மரியாதையோடுதான் கேட்டான்: "வாவ், வீஜே, டேல் சுட்டதா? உனக்குக் கையெழுத்துப் போட்டுத் தந்தாரா?"

அதே டிசைன்ல வேற கலர்

நம்மவர்கள் மூன்று பேர். புதிதாக வந்த சாப்ட்வேர்காரர்கள் என்பது இன் பண்ணிய சட்டையிலேயே தெரிந்தது. ஆங்கிலத்தில் "ஷோ மீ தட், ஷோ மீ திஸ்" என்று பதினொரு ரிவால்வரை எடுத்துக் காட்ட வைத்தார்கள். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கூட்டம்கூட இத்தனை பிரிக்கச் சொல்லாது. எங்கள் விதி, ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே இருக்கலாம். ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டு அடுத்ததை எடுத்தேன். பதினொரு தடவை.

"டேய், இந்த மெக்சிகன் பொண்ணு மூஞ்சியப் பாரு, கடிச்சிடும் போல" என்றான் ஒருவன். "அந்தக் கறுப்பு நல்லாருக்குடா, அதே டிசைன்ல சில்வர் இருக்கான்னு கேளு" என்றான் இன்னொருவன். "சில்வர் இருக்குங்க. கடிக்கறதும் உண்டுங்க, அது தனி சார்ஜ்" என்றேன் நான், சுத்தக் கோயமுத்தூரில்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "ஐயோ, சாரிங்க, தமிழா நீங்க?" "கோயமுத்தூர்ல எங்க?" "வீட்ல தெரியுமா?" ரிவால்வரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ஸ்டூடன்ட்டா, கிரீன் கார்டா, அப்பா என்ன பண்றார் எல்லாம் கேட்டாயிற்று. சுடப் போகிறீர்களா, மாட்டீர்களா என்றேன். மெக்சிகன் என்றவன் நெளிந்தான்: "இல்லங்க, எப்படிப் பிடிக்கணும்னெல்லாம் உங்ககிட்ட கேக்க ஒரு மாதிரி இருக்கு, அண்ணா யாராவது இருக்காங்களா?"

சந்தனப் பொட்டு வைத்த முப்பத்தெட்டு

ஆயுத பூஜைக்கு அடுத்த சனிக்கிழமை. விசித்திரமாக, காலையிலிருந்து ஒருவரும் ஆம்பளையைக் கேட்கவில்லை. மூன்று மணிக்கு டேலே கடிகாரத்தைப் பார்த்தார். மூடுவது ஐந்துக்கு. நாலு மணிக்கு அருணாசலம் அங்கிளும் மீனா ஆன்ட்டியும் வந்தார்கள். அங்கிளுக்குக் கெமிக்கல் கம்பெனியில் பெரிய பதவி. கோயிலில் பார்த்த முகம். சொந்தமாக வாங்கிய புது முப்பத்தெட்டு கையில், பெட்டிக்குள். "உருளை சுத்த மாட்டேங்குதும்மா" என்றார். திறந்து பார்த்தேன். உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்தனம் காய்ந்து சிமென்ட் போல் பிடித்திருந்தது; அதன்மேல் குங்குமம். பூஜையில் வைத்தாராம், முதல் ஆயுதமாம். எண்ணெயும் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் வைத்துச் சுரண்டி எடுத்தேன். மரக் கைப்பிடியில் இருந்த ஒரு பொட்டை மட்டும், அவர் முகத்தைப் பார்த்து, விட்டுவைத்தேன். விதிகளை இரண்டு மொழியிலும் சொன்னேன். சரிம்மா சரிம்மா என்று கேட்டுக்கொண்டார். ஆம்பளையைக் கேட்கவில்லை! காலில் விழலாம் போலிருந்தது.

நாலரை மணி. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன்: அங்கிள் ஐந்து குண்டு நிரப்பிவிட்டார். ஆன்ட்டி பின்னால் கேமராவோடு. "மீனா, மூஞ்சியும் தெரியணும், துப்பாக்கியும் தெரியணும், தம்பிக்கு அனுப்பணும்" என்று அவர் சொன்னது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? பிறகு ஆன்ட்டி சொன்னது. நான் பார்த்தது இவ்வளவுதான்: அங்கிள் புன்னகையோடு அப்படியே திரும்புகிறார். ரிவால்வரும் அவரோடு திரும்புகிறது. டிரிகர்மேல் விரல். பக்கத்து வரிசையில் இரண்டு பேர், அடுத்து ஆன்ட்டி. சிவப்பு வெஸ்ட் போட்ட கெவின் வாயைத் திறந்தபடி நிற்கிறான்.

கடை திறந்திருக்கும்போது வெஸ்ட் இல்லாத ஊழியர்கள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. தாண்டினேன். இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்து டார்கெட் பக்கம் தள்ளி, "விரலை எடுங்க அங்கிள், எடுங்க!" என்று கத்தினேன். எடுத்தார். குண்டுகளைக் கொட்டி, ரிவால்வரைக் கீழே வைத்தேன். எல்லோரும் சுடுவதை நிறுத்தியிருந்தார்கள். நான் கத்தியதற்கு நிறுத்தியிருந்தார்கள். டேல் கதவில் நின்றார்.

அங்கிள் முகம் வெளுத்துப்போயிருந்தது. வெளுப்பு இறங்கி, கோபம் ஏறியது. தமிழில் இரைந்தார்: "பொம்பளப் புள்ள வந்து கையப் புடிச்சு இழுக்குது, இதச் சொல்ல ஒரு ஆம்பள கூடவா இல்ல இங்க?"

நாலு முப்பத்திரண்டு. என்ன சொல்கிறார் என்று டேல் கேட்டார். எட்டு மாத வாதத்தில் ஒருமுறைகூட நான் பொய் ஆதாரம் காட்டியதில்லை. "நன்றி சொல்கிறார்" என்றேன். அங்கிள் நிமிர்ந்து வாயைத் திறந்தார். அவருக்கு என்னைவிட நன்றாகவே ஆங்கிலம் வரும். துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பியது என்பதை எல்லோரையும்விட நன்றாகப் பார்த்திருந்த ஆன்ட்டி, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்று அவர் கையை அழுத்தினார். பிறகு டேலைப் பார்த்து, சிரிக்காமல் சொன்னார்: "எஸ் எஸ், ஹி இஸ் சேயிங் தேங்க்ஸ் ஒன்லி."

எட்டு மாதம் இலக்கணம் பிசகாத ஆங்கிலத்தில் வாதாடிக் கிடைக்காத சிவப்பு வெஸ்ட், ஒரே ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாக மொழிபெயர்த்ததும் கிடைத்துவிட்டது. எனவே, நியாயம் பேசுகிற பெண்களே, ஆதாரங்களை அப்புறம் தேடலாம், முதலில் ஓர் ஆன்ட்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.