வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பையும்

கண்காட்சிக்குப் போகிற நாளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. முரசுமோட்டையில் பஸ் ஏறும்போதே பைகளைத் திரும்பத் திரும்ப எண்ணத் தொடங்கிவிடுவேன். பனங்குருத்தோலையில் பை பின்னி விற்கிறவள் நான். பின்னும்போது பயமில்லை. மேசையில் அடுக்கி வைத்துவிட்டு ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பயம். ஒருவர் தூக்குவார், முகர்ந்து பார்ப்பார், விலை கேட்பார், "இவ்வளவோ!" என்று சுடுகிற சட்டியைத் தொட்டவர் மாதிரி வைத்துவிட்டுப் போவார். உடனே எல்லாப் பையும் எனக்குக் கோணலாகத் தெரியும். அடுத்தவர் இரண்டு வாங்கிவிட்டால் என்னை விட்டால் ஆளில்லை என்று நிமிர்ந்து நிற்பேன்.

இதெல்லாம் சில்லறைப் பயம். பெரிய பயம் கிளிநொச்சிக் கண்காட்சியில் பிடித்தது.

சாயத்தில் அவித்த ஓலையை, தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். அந்த முறை நாள் நெருங்கிவிட்ட அவதியில் சிவப்பு ஓலையை இரண்டு தரம் அலசியதோடு விட்டுவிட்டேன். அதில் பின்னிய சின்னப் பையொன்றை முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு அக்கா கையில் எடுத்தார்.

"மகளின்ர முதல்நன்மைக்கு. செபமாலை வைக்கக் கணக்காயிருக்கும். வெள்ளைச் சட்டை போடுவாள். சாயம் போகாதுதானே தங்கச்சி?"

அன்றைக்கு மத்தியானம்வரை ஒன்றுகூட விற்றிருக்கவில்லை. "சீச்சீ, ஒண்டும் செய்யாதக்கா," என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, மிஞ்சிக் கிடந்த அந்த ஓலைத் துண்டை நனைத்து ஒரு வெள்ளைத் துணியில் தேய்த்தேன். துணி சிவந்தது. கூப்பிட்டுச் சொல்லவும் வழியில்லை. முல்லைத்தீவு என்பதைத் தவிர அவர் யார், எந்த வீடு, ஒன்றும் தெரியாது. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற அந்த முதல்நன்மை நாள் என்றைக்கு என்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வானம் இருட்டினாலே பின்னலை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்ப்பேன். இன்றைக்காக இருக்குமோ? அந்தப் பிள்ளை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேவாலய வாசலில் நனைந்துகொண்டு நிற்குமோ?

அடுத்த கண்காட்சி முல்லைத்தீவில் என்று தெரிந்ததும், காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று யோசித்தேன். கணவரிடம் சொன்னபோது சிரித்தார்.

"அவ்வளவு சனத்துக்குள்ள உன்னைத் தேடியோ வரப்போகினம்?"

அவருக்கென்ன, பொய் சொன்னது அவரில்லையே.

தேடித்தான் வந்தார்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு அதே அக்கா, கூடவே ஒன்பது வயது மதிக்கத்தக்க மகள். நான் குனிந்து, மேசைக்குக் கீழே இல்லாத ஒரு பொருளைத் தேடினேன். எவ்வளவு நேரம்தான் தேடலாம்? நிமிர்ந்தபோது எதிரிலேயே நின்றார்கள்.

"தங்கச்சி, சாயம் போடாத பை ஒண்டு தாங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், நானும் வாய்க்காரிதான். இதைத் தாங்க முடியவில்லை.

"சட்டையில பட்டதோ அக்கா?" என்று நானே கேட்டேன்.

"ஓம். மழை தூறினது. படம் எடுக்கேக்க கறையைப் பூவால மறைச்சுக்கொண்டு நிண்டவள்." மேசையிலிருந்த பையொன்றின் விளிம்பை விரலால் தடவினார். "பின்னல் நல்ல பின்னல். அதுதான் திரும்ப வந்தனாங்கள்."

சாயம் போடாத பை ஒன்றை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முகம் துடைக்கிற தன் வெள்ளை லேஞ்சியைத் தண்ணீர்ப் போத்தலைச் சரித்து நனைத்தாள். என் கையிலிருந்த பையில் அதை வைத்து அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள்.

"என்ன பிள்ளை இது! அன்ரி என்ன நினைப்பா?" என்று தாய் அவளுடைய கையைப் பிடித்தார்.

"விடுங்கோ அக்கா, தேய்க்கட்டும்," என்றேன்.

அது சாயத்தையே காணாத ஓலை. எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவள் லேஞ்சியை விரித்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, மற்றப் பக்கமும் திருப்பிப் பார்த்து முடிக்கும்வரை எங்கேயாவது சிவப்புத் தெரிந்துவிடுமோ என்று நானும் அந்த லேஞ்சியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.