இழுக்கும், ஏற்றாது

அன்று இல்-பிசார் தீவில் அந்தக் கிழவரின் வளவில் இருந்தவர்கள் ஆறு பேர்: நான், மனைவி றெஜினா, அவளுடைய தம்பி அன்ரன், எங்கள் ட்ரக்கை விட்டு இறங்க மாட்டோம் என்று போனுக்குள் தலையை விட்டிருந்த எங்கள் இரண்டு பெண்பிள்ளைகள், ட்ரெயிலரை விற்கும் கிழவர். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள சக்கர வீடு அது. முன்பக்கம் ட்ரக்கின் பின்பெட்டிக்குள் ஏறிக் கொழுவிக்கொள்ளும். ஓகஸ்டில் மாதா திருவிழாவுக்குச் சொந்தக்காரர் எல்லாரும் கூடாரமடிக்கும் இடத்தில் நாங்களும் ஒரு வீட்டோடு போய் இறங்க வேண்டும் என்பது றெஜினாவின் ஆசை. முற்பணம் கொடுத்தாயிற்று. கொழுவிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்குத்தான் பயம். இந்த நாட்டில் ஒரு குடும்பம் எவ்வளவு பாரம் இருக்கலாம் என்று ட்ரக்கின் கதவிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிரெஞ்சு எழுத்தைக் கண்டால் வியர்க்கும். றெஜினாவை வாசிக்கச் சொன்னேன்.

"ஆக்களும் சாமானும் சேர்த்து எழுநூற்றித் தொண்ணூறு கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாதாம்."

"அது ஏத்துறதுக்கு அக்கா. இழுக்கிறதுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. ட்ரெயிலர் நிறைச்சாலும் மூவாயிரத்து நானூறுதானே," என்றான் அன்ரன். "அத்தானுக்கு டோர்வல் வேலையில பெட்டி தூக்கித் தூக்கி மூளையே தராசாப் போச்சுது."

கிழவரிடம் என் உடைந்த பிரெஞ்சில், "நாங்கள் நாலு பேர், சரிவருமா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, என்னை உள்ளே கூட்டிப்போய் ஆறு பேர் படுக்கலாம் என்று மெத்தைகளைத் தட்டிக் காட்டினார். அவரை வெளியே இழுத்து வந்து ட்ரக்கின் பின்பெட்டியைத் தொட்டுக் காட்டினேன். அப்போதுதான் விளங்கி, ஐந்து விரலை விரித்து நாலை மடக்கினார். ட்ரெயிலரின் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ட்ரக்கின் முதுகில் குந்துமாம். அறுநூற்றெண்பது. அதைப் பிடிக்கும் இரும்புக் கொழுவி எழுபது. மிச்சம் நாற்பது கிலோ. நான் மட்டும் எண்பத்திரண்டு.

"அப்ப நீங்கள் பின்னால ஓடி வாங்கோ," என்று அன்ரன் சிரித்தான். "ஆர் அத்தான் றோட்டில நிறுக்கப்போறான்?"

வன்னியில் இடம்பெயர்ந்தபோதும் ஒருவரும் நிறுக்கவில்லை. ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் மூன்று குடும்பம், நெல்மூட்டை, தையல் மெசின், ஆடு. எதை விடுவது, ஆரை விடுவது? வாய்க்கால் மேட்டில் ஏறும்போது இயந்திரத்தின் முன்சில்லுகள் நிலத்தை விட்டுக் கிளம்பின. ட்ரைவர் வானத்தைப் பார்த்தபடி தொங்கினார். பெட்டியில் இருந்த பெண்கள் குதித்த பிறகுதான் சில்லு இறங்கியது. ஏற்றத் தெரிந்த சனம் நாங்கள். ஒருவரை இறங்கச் சொல்ல வாய் வராது.

"கொழுவ வேண்டாம்," என்றேன்.

"அப்ப ஓகஸ்டுக்கு?" றெஜினாவின் குரல் இறங்கிவிட்டது.

"பெரிய ட்ரக் ஆரிட்டயும் கேட்டுப் பாப்பம். பிள்ளையளை வச்சு விளையாட ஏலாது."

அவள் ட்ரக்கில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். பெரிய ட்ரக் கிடைக்கும்வரை ட்ரெயிலர் இங்கேயே நிற்கட்டும் என்று கிழவர் கை காட்டினார்.

பாலத்தில் ஏறும்போது வெறும் பின்பெட்டி துள்ளியது. வீடு அந்தக் கரையில், ஆரோ ஒருவரின் வளவில், இரண்டு இரும்புக் காலில் நின்றது. வீட்டார் நாங்கள் இந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தோம். கிழவருக்கு இன்னும் ஒன்பதாயிரத்து நானூறு டொலர் கொடுக்க வேண்டும்.