உயிரோடிருந்த அப்பாவுக்கு ஒரு சமாதி

கீழேயிருந்து யாராவது ஜீப்பில் ஏறி வந்து ஓர் ஆம்பிளையின் பேரைச் சொல்லி விசாரித்தால், அப்படி ஒருவர் இல்லை என்பதுதான் எங்கள் மலையில் பதில். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். இதை நன்றாகவே படித்திருந்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. கரும்பு வெட்டப் போன அப்பாவை மாநில எல்லைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஜவ்வாது மலைக்காரன், பையில் கொடுவாள்; செம்மரம் வெட்டத்தான் போகிறான் என்று பிடித்து ஜெயிலில் வைத்தார்கள். கூடப் போன மாமா தப்பி வந்து சொன்னார். பத்து நாளாக அம்மா கூழைக் கரைத்து வைப்பாள், குடிக்க மாட்டாள்.

அன்று மத்தியானம் ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய ஒரு பெண்மணியின் கையில் கறுப்புக் கோட்டு. அப்பா பேரைச் சொல்லிக் கேட்டார்.

"அப்பிடி யாரும் இல்லீங்க," என்றாள் அம்மா.

அது போதாது என்று எனக்குப் பட்டது. "அவரு செத்துப் பூட்டாருங்க," என்றேன்.

"எங்க பொதச்சீங்க?"

தாத்தாவைப் புதைத்த மேட்டுக்குக் கூட்டிப் போனேன். வெயிலில் மூச்சு வாங்க ஏறி வந்தவர், கல்லருகே செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து என் காதுகளைப் பார்த்தார்.

"ஒண்ணுதான் குத்தியிருக்கு. இன்னொண்ணு குத்தறதுக்குள்ள ஓடிட்டியாமே? நேத்து ஜெயில்ல உங்கப்பா சொன்னாரு."

பின்னாலேயே வந்திருந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாப்புட்றாராங்க?"

"சாப்பிடறாரு. நான் காசு வாங்காத வக்கீல்ம்மா, கோர்ட்டே அனுப்பினது. இவருக்கு வீடு, குடும்பம் இருக்குன்னு காட்டினாத்தான் ஜாமீன். ரேஷன் கார்டோட ஊர்க்காரங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வாங்க. நீங்களே செத்துட்டாருன்னா நான் யாரை வெளியில எடுக்கறது?"

அம்மா முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம்தான் கார்டு எடுக்க ஓடினாள்.

நாலாம் நாள் அப்பா வந்து சேர்ந்தார். இரண்டு தட்டு சாமைச் சோறு தின்றார். அம்மாவும் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள். வழக்கு மேலும் இரண்டு வருஷம் இழுத்தது. கடைசிவரை அந்த வக்கீலே நின்று முடித்துக் கொடுத்தார். அப்பா வந்த அன்று நான் மட்டும் நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. என் காது விஷயத்தை வெளியாளிடம் சொன்னது எனக்கு அவமானமாக இருந்தது.

பிழைப்புக்கு ஊர் ஊராக அலைந்து, நானும் எத்தனையோ சாவடிகளில் இறங்கிப் பையைத் திறந்து காட்டிய பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் அப்படி ஒருவர் இல்லையென்றுதான் சொல்வார்கள் என்று அப்பா வக்கீலை எச்சரித்தே அனுப்பியிருக்கிறார். எல்லாம் தெரிந்தேதான் அவர் அந்த மேட்டில் ஏறி வந்திருக்கிறார். முன்னால் நடந்த எனக்கோ, கீழ்நாட்டு ஆட்கள் எவ்வளவு சுலபமாக ஏமாறுகிறார்கள் என்றுதான் அப்போது தோன்றியது.